ஒரு லட்சம் கி.மீ தாண்டிய கார்: பார்ட்ஸ் மாற்றும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்!

புதுக்கோட்டையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பலருக்கு அது சொந்த வீடாகவே தெரியலாம்.

வாசலில் ஒரு வெள்ளை ஹேட்ச்பேக் பெட்ரோல் கார். இன்னும் சில மாதங்களில் அதற்கு 15 வயது. மீட்டரில் 1,38,000 கி.மீ. மகளின் பள்ளிக்கூடம், குலதெய்வம் கோயில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என எல்லாவற்றுக்கும் போய் வந்த வண்டி. இப்போது அதற்கு முக்கியமான வேலை ஒன்றுதான். மாதம் ஒருமுறை பாட்டியைத் திருச்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்த் திரும்ப வேண்டும்.

கடந்த இரண்டு முறையும் திருச்சி டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "ரேடியேட்டர் மாத்தணும், வாட்டர் பம்ப்பும் போட்டுடலாம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தா இன்னும் ஆகும்" என்று 22,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"பேசாம வித்துடலாங்க. இந்த வண்டிய நம்பி அத்தையை எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்கிறார் அம்மா. அப்பா பதில் சொல்லாமல் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓய்வூதியத்தில் 22,000 என்பது சின்னத் தொகை இல்லை.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். "அப்பா, எப்பல்லாம் முள்ளு ஏறுது?"

"டவுனுக்குள்ள நின்னு நின்னு போறப்ப ஏறுதும்மா. ஹைவேஸ்ல வந்துட்டா தானா இறங்கிடுது."

பாதி நோய் இந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிட்டது. எப்படி என்று பார்ப்போம்.

'எப்போது?' என்று கேட்டால் கார் பதில் சொல்லும்

ஓடும் காரில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் அந்தக் காற்று கிடைக்காது. அப்போது ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உள்ள மின்விசிறிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். டவுனில் மட்டும் சூடாகி, ஹைவேஸில் குளிர்ந்தால் முதல் சந்தேகம் அந்த ஃபேன் மீதுதான். இதுவே ஹைவேஸில் வேகமாகப் போகும்போதோ, மேடு ஏறும்போதோ சூடானால் கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம் பார்க்க வேண்டும்.

காரின் பிரச்னை ஒன்றுதான், முள் ஏறுகிறது. எப்போது ஏறுகிறது என்பதைப் பொறுத்து செலவு சில நூறு ரூபாயாகவும் இருக்கலாம், பல ஆயிரமாகவும் இருக்கலாம். அதனால் அதிக கி.மீ ஓடிய காரில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, இன்ஜின் சூடான பிறகா? திரும்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா? ஏ.சி போட்டாலா, போடாமலா?

வீட்டிலேயே ஃபேனைச் சோதிப்பது எப்படி?

காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள மினிமம், மேக்ஸிமம் கோடுகளுக்கு நடுவில் கூலன்ட் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால், பானெட்டைத் திறந்து வைத்து, காரை நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்குடன் ஸ்டார்ட் செய்து ஏ.சி-யைப் போடுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஏ.சி போட்டதும் சிறிது நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். தள்ளி நின்று பார்த்தால் போதும். துப்பட்டா, புடவைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

ஃபேன் சுற்றவில்லையா? இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். எந்த ஃபியூஸ் எதற்கு என்று மூடியின் உள்பக்கமோ, காரோடு வந்த கையேட்டிலோ படம் இருக்கும். ஃபேன் ஃபியூஸின் உள்ளே உள்ள கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். பெரிய ஆம்பியர் போட்டால் ஒயர் எரியும். புது ஃபியூஸும் உடனே போய்விட்டால் ஃபேன் மோட்டாரிலோ ஒயரிலோ கோளாறு இருக்கிறது, அதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது ரிலே. அதே பெட்டியில் அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலே, உதாரணமாக ஹாரனுக்கான ரிலே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இப்போது ஃபேன் சுற்றி, ஹாரன் அடிக்கவில்லை என்றால் திருடன் பிடிபட்டான். ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்த சோதனை இது.

அந்த வீட்டிலும் ரிலேதான். புது ரிலே சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. 22,000 ரூபாய்ச் சீட்டு மேஜை டிராயருக்குள் போனது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இப்படியே இன்னும் நான்கு முறை சூடாக விட்டிருந்தால் ஹெட் கேஸ்கெட் நிஜமாகவே போயிருக்கும். அப்போது அந்தச் சீட்டும் சரியான சீட்டாகியிருக்கும். சிறிய கோளாறைத் தள்ளிப்போட்டால் அது பெரிய செலவில்தான் முடியும்.

'டிக் டிக்' என்கிறதா, 'டக்' என்கிறதா?

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உடனே பேட்டரி வாங்க ஓட வேண்டாம். காதைக் கொடுங்கள்.

வேகமாக 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வந்து, டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. விளக்குகள் பிரகாசமாக இருந்து, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் மீது சந்தேகம். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பேட்டரிக்குச் சம்பந்தமில்லை. பெட்ரோல் வரவில்லை அல்லது ஸ்பார்க் வரவில்லை. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் ஓரிரு விநாடிகள் 'ம்ம்ம்' என்று பெட்ரோல் பம்ப் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண மல்ட்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. இரவு முழுக்க நின்ற காரின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஸ்டார்ட் செய்த பிறகு பழைய கார்களில் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. இந்த நிலையில் புது பேட்டரி போட்டாலும் ஓரிரு நாளில் அதுவும் இறங்கிவிடும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். முதலில் நெகட்டிவ் ஒயரையும் பிறகு பாசிட்டிவையும் கழற்றுங்கள். ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் பழைய பிரஷ் கொண்டு தேய்த்து, துடைத்து, நன்றாக முறுக்குங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மறுபடி சீக்கிரம் பூக்காது.

ஓர் அட்டைப்பெட்டி போதும்

வயதான கார் எங்காவது கசியும். எது கசிகிறது என்பதுதான் கேள்வி. பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து இரவு காருக்கு அடியில் போட்டுவிடுங்கள். காலையில் அட்டையே சொல்லிவிடும்.

நிறமில்லாத தண்ணீர் என்றால் அது ஏ.சி தண்ணீர், கவலை வேண்டாம். பழுப்பாகவோ கறுப்பாகவோ பிசுபிசுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் இனிப்பான வாசனையுடன் இருந்தால் கூலன்ட். இது விஷம். நாயும் பூனையும் இனிப்புக்காக நக்கிவிடும் என்பதால் உடனே கழுவிவிடுங்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். சக்கரத்துக்கு உள்பக்கமாக வழுவழுப்பாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியென்றால் அந்தக் காரை ஓட்டவே கூடாது, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள்.

கூலன்ட் குறைகிறதே என்று போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது நம் ஊரில் பழகிப்போன தவறு. குடத்தில் படியும் அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கூலன்ட்டுடன் டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும்.

புகை என்ன நிறம்?

குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து கொஞ்ச நேரம் வந்து மறையும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். ஆயில் மூடியின் அடியில் மோர் போலப் படிந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இங்கேயும் 'எப்போது?' என்பதுதான் கேள்வி. காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல் தேய்ந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் வரை யோசிக்க வேண்டும். முதலாவதை ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டே சில காலம் ஓட்டலாம். இரண்டாவது பெரிய வேலை. கறுப்புப் புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

ஒரு லட்சம் தாண்டிய காரில் ஆயில் அளவை 15 நாளுக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

* பிரேக் பிடிக்கும்போது கீச்சென்ற சத்தம்: பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். இரும்போடு இரும்பு உரசும் கரகர சத்தமாக மாறிவிட்டால் அன்றே நிறுத்துங்கள்.

* ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்': ஆக்ஸிலின் வெளிப்பக்க ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கிறதா என்று டயருக்குப் பின்னால் பாருங்கள். உறை கிழிந்த உடனே மாற்றினால் ஜாயின்ட் பிழைக்கும்.

* வேகம் கூடக் கூட 'ஊம்ம்' என்ற ரீங்காரம்: வீல் பேரிங் அல்லது டயர். இடமும் வலமுமாக வளையும்போது சத்தம் மாறினால் பேரிங் மீதுதான் சந்தேகம் அதிகம்.

* கிளட்ச்சை விட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் கத்தி, வேகம் ஏறவில்லை: கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது.

டயரைப் பார்க்கும்போது பட்டன் மட்டும் பார்த்தால் போதாது. குறைவாக ஓடும் வீட்டுக் கார்களில் பட்டன் தேயும் முன்பே ரப்பர் கிழடாகிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னியின் எண்ணையும் மறக்காமல் பாருங்கள்.

மஞ்சள் விளக்கு எரிந்தால்...

டேஷ்போர்டில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தால் பலருக்குக் கை நடுங்கிவிடுகிறது. விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓரங்கட்டி நிறுத்துவதுதான் சரி. இன்ஜின் சிலிண்டர் ஒன்றில் எரியாத பெட்ரோல் போய் சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். நிலையாக எரிந்து, கார் வழக்கம்போல ஓடினால் பதற வேண்டாம். சீக்கிரம் சோதித்துவிடுங்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசி சாக்கெட் உள்ள கார்களில், போனோடு புளூடூத்தில் இணையும் சிறிய ஸ்கேனரைச் செருகினால் கோடு எண் தெரியும். மிகப் பழைய மாடல்களில் இது வேலை செய்யாமல் போகலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கோடு என்பது புகார் மனு மாதிரி, தீர்ப்பு வேறு. 'பி0420' என்று வந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கணினி சந்தேகப்படுகிறது. ஆக்ஸிஜன் சென்சார் கோளாறோ, புகைக்குழாயில் ஓட்டையோகூட அதே கோடைக் கொண்டுவரும். 'பி0302' என்றால் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள காரில், இன்ஜின் குளிர்ந்த பிறகு இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோடு 'பி0303' ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் இருந்தால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்ததைப் பார்க்கலாம். ஹாரன் ரிலேவில் செய்த அதே தந்திரம்தான் இதுவும்.

இதையெல்லாம் வீட்டில் தொடவே வேண்டாம்!

* சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். வழியில் முள் ஏறினால் ஏ.சி-யை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, குறைந்தது ஒரு மணி நேரம் காத்திருங்கள். பச்சைத் தண்ணீரை இன்ஜின் மீது ஊற்றாதீர்கள்.

* ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்காதீர்கள். ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான்.

* ரேடியேட்டர் ஃபேன் சில கார்களில் சாவி எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும். பக்கத்தில் கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

* பிரேக், ஏர்பேக், பெட்ரோல் லைன், டைமிங் பெல்ட். இந்த நான்கையும் கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொண்டு, சரிசெய்வதை மெக்கானிக்கிடம் விடுங்கள். உங்கள் காரில் இருப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்பதைக் கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் குறித்த கி.மீ-யில் மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினே கைவிட்டுப் போகும்.

வைத்துக்கொள்வதா, விற்பதா?

15 ஆண்டு முடிந்ததும் தனியார் காரின் ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ-வில் வண்டியைக் காட்டித் தகுதி பெற்றால் 5 ஆண்டுகளுக்கு நீட்டிப்பு கிடைக்கும். 15 வயது ஆகிவிட்டது என்பதாலேயே நம் ஊரில் காரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

முடிவெடுக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் ரிப்பேருக்கு மட்டும் ஆன செலவைக் கூட்டுங்கள். புது கார் வாங்கினால் கட்ட வேண்டிய ஒரு வருட இ.எம்.ஐ-யை அதன் பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் முதல் தொகை சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் அடிப்பாகத்தில் துரு ஓட்டை போடும் அளவுக்கு அரித்திருந்தாலோ, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே நேரத்தில் வேலை கேட்டாலோ பணக் கணக்கைப் பார்க்காதீர்கள். உள்ளே உட்காரப்போவது நம் வீட்டு ஆட்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போதும் இந்த 'எப்போது?' கேள்வி கைகொடுக்கும். "வண்டி சூடாகுது" என்று சொன்னால் அவர் ஊகிக்க வேண்டியிருக்கும். "டிராஃபிக்ல மட்டும் சூடாகுது, ஏ.சி போட்டாலும் ஃபேன் சுத்தலை" என்று சொன்னால் நல்ல மெக்கானிக் நேராக வேலைக்கு இறங்கிவிடுவார். உங்கள் பணமும் அவர் நேரமும் மிச்சம்.

அந்தப் புதுக்கோட்டை வீட்டில் இப்போது காருக்கென்று ஒரு 40 பக்க நோட்டு இருக்கிறது. தேதி, கி.மீ, என்ன நடந்தது, எப்போது நடந்தது, எவ்வளவு செலவு என்று மகள் எழுதுகிறாள். முதல் பக்கத்தில் ஒரே வரி: 'ஃபேன் ரிலே மாற்றியது.'

அடுத்த மாதம் திருச்சிக்குக் கிளம்பும் முன் அப்பா பானெட்டைத் திறந்து ஆயில், கூலன்ட் எல்லாம் பார்க்கிறார். அம்மாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. டிராஃபிக்கில் முள்ளையே பார்த்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு முன்சீட்டில் உட்காருகிறார். பின்சீட்டிலிருந்து பாட்டி சொல்கிறார்:

"எனக்குத்தான் மாசாமாசம் செக்கப்பு பண்றீங்க. இதுக்கும் வயசாயிருச்சுல்ல, இதுக்கும் பண்ணுங்கப்பா!"

அடுத்த வாரம்: பழைய காரில் ஏ.சி குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் பார்க்க வேண்டியவை!